பழைய மாடல் விமான இன்ஜின்: ஓட்டுவதா, வைத்துக்கொள்வதா, விற்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பழைய பிஸ்கட் டின். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய மூன்று நான்கு குட்டி இன்ஜின்கள். பெரியப்பாவோ மாமாவோ இளவயதில் மாடல் விமானம் பறக்கவிட்டவர்; இப்போது அவர் இல்லை, டின் உங்கள் கையில். அல்லது நீங்களே என்.சி.சி. விமானப் பிரிவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பறக்கவிட்டவராக இருக்கலாம். எப்படி வந்திருந்தாலும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்து நிற்கும்: ஓட்டிப் பார்க்கலாமா, அப்படியே வைக்கலாமா, விற்றுக் காசாக்கலாமா? பல ஆண்டுகளாக இந்தச் சாமான்களோடு மல்லுக்கட்டியதில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சிலவற்றை நானே கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

இத்தனூண்டு இன்ஜினுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

கொடுக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. எதற்குக் கொடுக்கிறார்கள் என்று புரிய, கொஞ்சம் பழங்கதை வேண்டும்.

1933-இல் அமெரிக்க தேசியப் போட்டியில் மாக்ஸ்வெல் பாசெட் என்ற இளைஞர் பெட்ரோல் இன்ஜின் பூட்டிய மாடலைக் கொண்டுவந்து, ரப்பர் முறுக்கில் பறந்த மாடல்களை எல்லாம் தோற்கடித்தார். அதன்பின் பெட்ரோல் மாடல்களைத் தனிப் பிரிவாக ஒதுக்க வேண்டியதாயிற்று. அந்த இன்ஜினைச் செய்தவர் பில் பிரவுன். 1934-இல் 'பிரவுன் ஜூனியர்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. சுமார் 10 சிசி, விலை 21.50 டாலர். பொருளாதார மந்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் அது சின்னத் தொகை இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஓல்சன், பந்தயக்காரர்களுக்கு மெக்காய், டூலிங் என்று அடுத்தடுத்து வந்தன. இவை எல்லாமே ஸ்பார்க் பிளக், காயில், கண்டென்சர், பேட்டரி என்று ஒரு மூட்டையைச் சுமந்து பறந்தவை.

ஐரோப்பாவில் வேறு வழி பிடித்தார்கள். ஸ்விட்சர்லாந்தில் தொடங்கிய, பிளக்கே இல்லாத அழுத்தப் பற்றவைப்பு இன்ஜின் போருக்குப் பின் பிரிட்டனில் கொடிகட்டிப் பறந்தது. 1946-இல் மில்ஸ் 1.3 வந்தது. பிறகு இ.டி., ஃபிராக், எல்ஃபின், ஆல்பன், நாட்டிங்ஹாமிலிருந்து ஆலிவர் டைகர். மாடல்காரர்கள் இவற்றை 'டீசல்' என்கிறார்கள். லாரியில் ஊற்றும் டீசலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

1947-இல் ரே ஆர்டன் குளோ பிளக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பேட்டரியை வைத்துப் பிளக்கைச் சூடாக்கி, இன்ஜின் பிடித்ததும் கம்பியைக் கழற்றிவிடலாம். காயிலும் கண்டென்சரும் ஒரே நாளில் வேண்டாத சுமையாகிவிட்டன. கலிஃபோர்னியாவில் லீராய் காக்ஸின் நிறுவனம் 0.8 சிசி குளோ இன்ஜினைப் பொம்மைக் கடைவரை கொண்டுபோனது. ஜப்பானில் ஓ.எஸ்., என்யா, இத்தாலியில் சூப்பர் டைகர், நம் நாட்டில் கல்கத்தாவின் அரோரா. அரோரா மில்ஸின் நகல்களைச் செய்தது. 'இந்தியன் மில்ஸ்' என்று வெளிநாட்டுக்காரர்கள் இன்றும் சொல்வது இதைத்தான்.

இவற்றில் எண்ணிக்கையில் குறைவாகச் செய்தவை, பந்தயத்தில் பேர் வாங்கியவை, முதன்முதலாக ஒன்றைச் செய்துகாட்டியவை ஆகியவற்றுக்குத்தான் நல்ல விலை. லட்சக்கணக்கில் செய்த காக்ஸ் 'பேப் பீ' பழையதுதான், அழகானதுதான், ஆனால் அரியது இல்லை.

என்னிடம் இருப்பது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தலையைப் பாருங்கள். மேலே 'ட' திருப்பிப் போட்டதுபோல ஒரு கைப்பிடித் திருகு இருந்து, பிளக் எதுவும் இல்லை என்றால் டீசல். சின்ன பிளக் இருந்து, அதன் அடியில் சுருள் கம்பி தெரிந்தால் குளோ. காக்ஸில் தலையும் பிளக்கும் ஒரே துண்டு. பிளக்கோடு கூட, புரொப்பல்லருக்குப் பின்னால் முன்னும் பின்னும் நகரும் ஒரு கைப்பிடியும் காண்டாக்ட் பாயிண்ட்டும் (இரண்டும் சேர்ந்ததுதான் டைமர்) இருந்தால் ஸ்பார்க்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 1947-க்குப் பிறகு பலர் தங்கள் ஸ்பார்க் இன்ஜினில் டைமரைக் கழற்றி எறிந்துவிட்டுக் குளோ பிளக்கைத் திருகிக்கொண்டார்கள். அன்றைக்கு அது புத்திசாலித்தனம். இன்றைக்கு, டைமர் இல்லாத ஸ்பார்க் இன்ஜின் மூக்கறுந்த சிலை மாதிரி. டின்னின் அடியில் கிடக்கும் தகடு, ஸ்பிரிங், கைப்பிடி எதையும் குப்பை என்று தள்ளிவிடாதீர்கள். அதுதான் அந்த டைமராக இருக்கலாம்.

இது ஓடிய இன்ஜினா, ஓடாததா?

'ஓடாதது' என்றால் பழுதானது இல்லை, ஒருதரம்கூட ஓட்டிப் பார்க்காதது. விலையில் பெரிய வித்தியாசம் இங்கேதான். லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் உட்காருங்கள்.

புகைவாயின் உள்ளே பழுப்பு வார்னிஷ் படிந்திருந்தால் ஓடியது. பக்கக் காதுகளில் இருக்கும் திருகுத் துளைகளைச் சுற்றி வட்டத் தழும்பு இருந்தால் விமானத்தில் பூட்டப்பட்டது. துளையையே யாராவது பெரிதாகத் துளைத்திருந்தால் சேகரிப்பாளர் முகம் சுளிப்பார். புரொப்பல்லர் உட்காரும் தட்டின் பற்கள் மழுங்கியிருக்கின்றனவா, தலைத் திருகுகளின் காடி சிதைந்திருக்கிறதா, குளிர்விக்கும் விளிம்புகளில் இடுக்கி கடித்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு தடுமாற்றம் வரலாம். சில பட்டறைகளில் ஒவ்வொரு இன்ஜினையும் ஓட்டிப் பார்த்தே பெட்டியில் வைத்தார்கள். அதனால் சிலிண்டருக்குள் லேசான கறை இருந்தும் வெளியே ஒரு கீறல்கூட இல்லையென்றால், உடனே 'ஓடியது' என்று முத்திரை குத்த வேண்டாம். 'பூட்டப்படாதது' என்று சொன்னால் யாரும் தகராறு செய்ய மாட்டார்கள்.

சுற்றவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

முதலில், பலம் காட்டாதீர்கள்.

பெரும்பாலும் அது துருவும் இல்லை, உடைசலும் இல்லை. விளக்கெண்ணெய். மாடல் இன்ஜின் எரிபொருளில் கலப்பது நாம் தலைக்கு வைக்கும் அதே ஆமணக்கு எண்ணெய்தான். சூட்டுக்கு அசையாமல் நிற்பதில் அதற்கு இணை கிடையாது. ஆனால் காற்றுப் பட்டு நாற்பது வருடம் கிடந்தால் அரக்குப் போல இறுகிவிடும். உள்ளே பிஸ்டனும் சிலிண்டரும் அந்த அரக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் புரொப்பல்லரைப் பிடித்து முறுக்கினால், பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைத்து நடுவில் நிற்கும் கனெக்டிங் ராட்தான் வளையும்.

என் முதல் மில்ஸ் 0.75-ஐ அப்படித்தான் கெடுத்தேன். பத்து அங்குலப் புரொப்பல்லரைப் பூட்டி, 'கொஞ்சம் இறுக்கம்தானே' என்று ஒரு முறுக்கு. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். புது ராட் கடைந்து வாங்க ஒரு லேத் பட்டறைக்கு மூன்று மாதம் நடந்தேன். இன்ஜின் ஓடுகிறது, ஆனால் அசல் பாகம் போனது போனதுதான்.

சரியான வழி: சூடும் பொறுமையும். ஹேர் டிரையரால் சிலிண்டரைச் சூடாக்குங்கள். புகைவாயிலும் காற்று வாயிலும் கொஞ்சம் தின்னரோ அசிட்டோனோ விட்டு ஊறவையுங்கள். பிளாஸ்டிக் டேங்க் இருந்தால் அதை முதலில் கழற்றிவிட வேண்டும், அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். ஒருநாள் விட்டு மறுபடி சூடு. விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். அசைந்தால் முன்னும் பின்னுமாக, மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துங்கள். முழுச் சுற்று வர ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

டீசலில் இன்னொரு பாகமும் ஒட்டிக்கொள்ளும். தலைக்குள் கான்ட்ரா பிஸ்டன் என்று ஒன்று உண்டு. மேலிருக்கும் திருகுதான் அதைக் கீழே தள்ளும். திருகைத் தளர்த்தியும் அது மேலே வரவில்லை என்றால் தலையைச் சூடாக்கினால் வந்துவிடும்.

பளபளவென்று தேய்த்து வைக்கலாமா?

வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கு இல்லை இது. பாலிஷ் போட்ட, மணல் வீசித் துடைத்த இன்ஜினைப் பார்த்தாலே அனுபவமுள்ளவர் விலையைக் குறைத்துவிடுவார். வார்ப்பின் மேல்தோல் ஒருமுறை போனால் திரும்பாது.

அழுக்கும் எரிந்த எண்ணெயும் நீங்க, பல் துலக்கும் பிரஷும் ஸ்பிரிட்டும் போதும். அதற்கும் அசையாத பழுப்புக் கறைக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் செய்வது ஒன்று: இன்ஜினைப் பிரித்து, கார் கூலன்ட்டில் போட்டு, கொதிக்கவிடாமல் மெதுவான சூட்டில் பல மணி நேரம் வைப்பது. எண்ணெய் அரக்கு உரிந்து வந்துவிடும். நானும் செய்திருக்கிறேன், அருமையாக வேலை செய்கிறது. இரண்டு எச்சரிக்கை: கூலன்ட் விஷம், அந்தப் பாத்திரம் மறுபடி அடுப்படிக்குள் வரக்கூடாது. சிவப்பு, நீலம் என்று சாயம் ஏற்றிய அலுமினியத் தலைகளை அதில் போட்டால் நிறம் வெளிறலாம், அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.

அடுப்பு சுத்தம் செய்யும் காஸ்டிக் திரவம் பக்கமே போகாதீர்கள். அலுமினியத்தை அது அரித்துத் தின்றுவிடும்.

சுத்தம் செய்ய அவசியமில்லாமல் பிரிப்பதும் தப்பு. 'உள்ளே எப்படி இருக்கிறது பார்ப்போம்' என்ற ஆசையில் கெட்ட இன்ஜின்கள், ஓட்டிக் கெட்டவற்றைவிட அதிகம் என்பது என் எண்ணம்.

கடைசியில் ஓட்டலாமா, கூடாதா?

எனக்குப் புரிந்த கணக்கைச் சொல்கிறேன். ஓட்டினால் மதிப்பு குறையும் என்பது பொத்தாம்பொதுவான பேச்சு. குறைவது முழுக்க முதல் தடவையில்தான். பெட்டி பிரிக்காத, ஒருதரம்கூடப் பற்றாத இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டினால் 'ஓடாதது' என்ற தகுதி போய்விடும், எந்த விலை கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது. ஏற்கெனவே நூறு தடவை ஓடிய இன்ஜினை நூற்றியோராவது தடவை ஓட்டினால், சரியான எண்ணெயோடு ஓட்டினால், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அதனால் ஓடாத இன்ஜின், பெட்டி, விளக்கத் தாள், ஸ்பானர் எல்லாம் சேர்ந்து இருந்தால் கை வைக்காதீர்கள். உங்களுக்கு அதே இன்ஜினை ஓட்டியே தீர வேண்டும் என்று இருந்தால், இதை விற்றுவிட்டு ஓடிய ஒன்றை வாங்குங்கள். கையில் மிச்சமும் இருக்கும். இதைச் சொன்னால் சிலர் கோபப்படுகிறார்கள். 'ஓடத்தானே செய்தார்கள், பூஜை செய்யவா?' என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே மாடலில் ஓடியவை பத்து கிடைக்கும்போது ஓடாத ஒன்றைப் போய் ஏன் பலி கொடுக்க வேண்டும்?

ஓடிய, ஆரோக்கியமான, சாதாரண இன்ஜின் என்றால் தாராளமாக ஓட்டுங்கள். காக்ஸ், பிரிட்டிஷ் டீசலான பி.ஏ.டபிள்யூ., என்யா, இந்தியன் மில்ஸ் எல்லாம் இந்த வகை. ஈதர் வாசனையோடு ஒரு மில்ஸ் நிதானமாகப் படபடப்பதைக் கேட்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் தலைவலி. ஓடியதுதான், ஆனால் அரியது: ஒரு டூலிங் 61, ஒரு பழைய ஆலிவர் டைகர். இங்கே நான் பார்ப்பது பாகம் கிடைக்குமா என்பதை மட்டும்தான். ராட் முறிந்தால் இன்னொன்று வாங்க முடியுமா? முடியாது என்றால் ஓட்ட மாட்டேன். பந்தய இன்ஜின்கள் உச்ச வேகத்துக்காகச் செய்தவை, அவற்றில் ஒன்று உடைந்தால் தனியாக உடையாது. ராட் போனால் சிலிண்டரையும் உறையையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஓட்டும் முன் உடம்பு நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

எண்ணெய் பூசிய இன்ஜின் பொய் சொல்லும். தேய்ந்த பிஸ்டனும் கெட்டி எண்ணெயில் நல்ல அழுத்தம் காட்டும். உள்ளே தின்னர் விட்டுக் கழுவி, ஒரு துளி மெல்லிய எண்ணெய் மட்டும் விட்டு, புரொப்பல்லரை மெதுவாகச் சுற்றுங்கள். மேலே வரும்போது ரப்பர் பந்தை அமுக்குவதுபோல எதிர்த்துத் தள்ள வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் 'புஸ்' என்று தாண்டிப் போனால் தேய்ந்துவிட்டது. பிறகு பிஸ்டனை உச்சத்தில் நிறுத்தி, புரொப்பல்லரை நூலளவு இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். பிஸ்டன் அசையாமல் புரொப்பல்லர் மட்டும் ஆடுகிற தூரம்தான் ராடின் தேய்மானம்.

பித்தளைச் சிலிண்டரில் குரோம் பூசி, உள்ளே அலுமினியப் பிஸ்டன் போட்ட பிற்கால இன்ஜின்கள் இதற்கு விலக்கு. குளிர்ந்த நிலையில் அவை உச்சியில் இறுகத்தான் செய்யும், சூடானால் சரியாகும். அதைப் பழுது என்று நினைத்துச் சிலிண்டரைத் தேய்த்துவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

எரிபொருளுக்கு எங்கே போவது?

டீசலுக்குப் பழைய பாடம் எளிது: மண்ணெண்ணெய் ஒரு பங்கு, விளக்கெண்ணெய் ஒரு பங்கு, ஈதர் ஒரு பங்கு. வேகம் கூடிய இன்ஜின்களுக்கு, பற்றுவதை எளிதாக்கும் நைட்ரேட் வகை ஒன்றை நூற்றுக்கு ஒன்றிரண்டு சேர்ப்பார்கள். மில்ஸுக்கு அது இல்லாமலே ஓடும். விளக்கெண்ணெய்க்கு நமக்குப் பஞ்சமில்லை, உலகத்துக்கே குஜராத்திலிருந்துதான் பெரும்பகுதி போகிறது. வாசனையோ மருந்தோ கலக்காத சுத்த எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். மண்ணெண்ணெய்தான் இப்போது தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஈதர் ரசாயனக் கடையில் கிடைக்கும், ஆனால் அதோடு விளையாடக் கூடாது: அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்துபோய் தூரத்து நெருப்பில் பற்றும், நாள்பட வைத்தால் வெடிக்கும் பொருளாகவும் மாறும். வேண்டிய அளவு மட்டும் வாங்கி, அடர்நிறப் புட்டியில் மூடி வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

குளோ இன்ஜினுக்கு மெத்தனால். நச்சுச் சாராயச் சாவுகளுக்குக் காரணமாவது இதே பொருள் என்பதால் தமிழ்நாட்டில் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். தெருக்கடையில் தேடாமல், ஏற்கெனவே முறையாக வாங்கிக்கொண்டிருக்கும் மாடல் கிளப் ஒன்றோடு சேர்ந்துகொள்வதுதான் நல்லது. குடித்தால் கண்ணும் உயிரும் போகும்; தோலிலும் ஊறி உள்ளே போகும். எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

எண்ணெய் அளவில் கஞ்சத்தனம் கூடாது. இன்றைய ரெடிமேட் எரிபொருள்கள் பலவற்றில் எண்ணெய் குறைவு, அதுவும் செயற்கை எண்ணெய். பால் பேரிங் இல்லாத பழைய இன்ஜினுக்கு மொத்தத்தில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு எண்ணெய் வேண்டும், அதில் பாதியாவது விளக்கெண்ணெயாக இருக்க வேண்டும். காக்ஸ் மாதிரி குட்டிகள் நைட்ரோமீத்தேன் இல்லாமல் முரண்டு பிடிக்கும். பழைய பிரிட்டிஷ், ஜப்பானிய இன்ஜின்களுக்கு அது தேவையே இல்லை.

ஸ்பார்க் இன்ஜினுக்குப் பெட்ரோலும் கெட்டியான மினரல் எண்ணெயும், மூன்றுக்கு ஒன்று. அதில் மெத்தனாலை ஊற்றிவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கண்ணாடி போன்ற டேங்க் கூழாகிவிடும்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது எதில் கவனம் வேண்டும்?

கெட்டியான மரக்கட்டையில் நட்டும் போல்ட்டும் போட்டு இன்ஜினைப் பூட்டுங்கள். வைஸில் உறையை நேராகக் கடிக்க விடக்கூடாது. பழைய நைலான் புரொப்பல்லர் காய்ந்து உடையக்கூடியதாக இருக்கும், வெந்நீரில் கொதிக்கவைத்தால் ஈரம் ஏறிப் பழைய இளக்கம் வரும். அதைவிடப் புதியது வாங்குவது உத்தமம். மில்ஸ் 0.75-க்கு 8 அங்குல விட்டம், 4 அங்குலப் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) பொருந்தும்.

டீசலில் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு, எரிபொருளை அளவுக்கு மீறி ஊற்றுவது. திரவம் அமுங்காது. நிறைந்த சிலிண்டரோடு ஓங்கிச் சுண்டினால் மறுபடியும் அந்த ராட்தான் வளையும். ஒவ்வொரு தடவையும் முதலில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்; கெட்டியாக நின்றால் மேல் திருகைத் தளர்த்தி, புகைவாய் வழியாக வடியவிடுங்கள்.

குளோ பிளக்குக்கு 1.5 வோல்ட். கார் பேட்டரியைக் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் கம்பி எரிந்துவிடும், காக்ஸில் தலையையே மாற்ற வேண்டிவரும்.

சுழலும் புரொப்பல்லருக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. கண்ணாடி அணியுங்கள். அப்புறம், லுங்கியும் தோளில் துண்டுமாக இந்த வேலைக்கு உட்காராதீர்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், எனக்கும் அன்று சிரிப்பாகத்தான் இருந்தது, துண்டு போன பிறகு.

ஓட்டி முடித்ததும்? வருடக்கணக்கில் வைக்க?

டேங்கில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். குளோ இன்ஜினில் இது கட்டாயம்: மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், நைட்ரோ எரிந்த மிச்சம் அமிலமாகும், இரண்டும் சேர்ந்து இரும்புச் சிலிண்டரையும் பால் பேரிங்கையும் துருப்பிடிக்க வைக்கும். சூடு ஆறும் முன் தையல் மெஷின் எண்ணெய் மாதிரி மெல்லிய எண்ணெயைப் புகைவாயிலும் காற்று வாயிலும் சில துளி விட்டுச் சுற்றுங்கள். விளக்கெண்ணெயை வைப்பதற்குப் பயன்படுத்தாதீர்கள், ஏன் என்று மேலே பார்த்தோம்.

சென்னை மாதிரி கடலோர ஊரில் ஈரமும் உப்பும் சேர்ந்து வேலையைக் காட்டும். ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். ஸ்பாஞ்சுக்குள் பதித்து வைத்தால் அழகாக இருக்கும், சில வருடத்தில் ஸ்பாஞ்ச் மக்கிப் பிசினாகி இன்ஜின்மேல் அப்பிக்கொள்ளும். அட்டைப் பெட்டியையும் தாள்களையும் தனிப் பையில் வையுங்கள்; எண்ணெய் ஊறாது, ராமபாணப் பூச்சியும் தின்னாது. ஒரு காலத்து இன்ஜினை இரும்பில் மறுபடி செய்துவிடலாம், அதன் பெட்டியைச் செய்ய முடியாது.

என்னிடம் இருப்பது அசலா, நகலா?

நகல் என்றாலே மோசடி இல்லை. பிரவுன் ஜூனியர் பிற்காலத்தில் மறுபதிப்பாக வந்தது. மில்ஸுக்கு இந்தியா மட்டுமல்ல, வேறு நாடுகளிலும் வாரிசுகள் உண்டு. ஆலிவர் டைகரும் அப்படியே. இவை நகல் என்று சொல்லியே விற்கப்பட்டவை. சில, வேலைப்பாட்டில் அசலைவிட நேர்த்தி. ஓட்டுவதற்கு நகலைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

சிக்கல், மூன்றாவது நான்காவது கைக்குப் போகும்போது 'நகல்' என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிடுவது. வார்ப்பின் எழுத்து, சீரியல் எண், திருகின் மரை அளவு ஆகியவற்றை, உறுதியான அசலின் படங்களோடு ஒப்பிட வேண்டும். முழு இன்ஜின் அசலாக இருந்து, எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வும் புரொப்பல்லர் நட்டும் மட்டும் புதிதாகச் செய்தவை என்பது மிகச் சாதாரணம். முதலில் தொலைபவை அவைதானே.

என்ன விலை சொல்வது?

விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள். அதே மாடல், அதே நிலை, பெட்டி உண்டா இல்லையா என்று பொருத்திப் பார்த்து ஐந்தாறு விற்பனையின் நடுவிலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கணிப்பு ஒன்று, கணிப்பு மட்டுமே: சாதாரண இன்ஜின்களை வாங்குகிறவர் பெரும்பாலும் சிறுவயதில் அதை வைத்திருந்தவர், அல்லது வாங்க முடியாமல் கடைக்கண்ணாடியில் பார்த்தவர். அந்த வயதுக்காரர்கள் குறைந்துவருகிறார்கள். இன்று மாடல் பறக்கவிடும் பையனுக்கு மின்மோட்டார்தான் தெரியும். அதனால் சாதாரணச் சரக்கை 'விலை ஏறும்' என்று பூட்டி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உண்மையிலேயே அரியவை வேறு கதை, அவற்றை வாங்குகிறவர்கள் முதலீட்டுக் கண்ணோடு வருகிறார்கள்.

எங்கே, எப்படி விற்பது?

பழைய இரும்புக்காரரிடமும், 'மொத்தமாக இவ்வளவு தருகிறேன்' என்று முதல் நாளே அவசரப்படுத்துகிறவரிடமும் வேண்டாம். அமெரிக்காவில் மாடல் இன்ஜின் சேகரிப்பாளர் சங்கம் என்று தனி அமைப்பே இருக்கிறது, அதன் சந்தைகளில் இன்ஜினின் நிலையைச் சொல்வதற்கென்று பழகிப்போன சொற்கள் உண்டு. இந்தியாவிலிருந்து விற்பவருக்கு இணைய ஏலமும் மாடல் கிளப்களின் வாய்மொழியும்தான் நடைமுறை.

ஆறு பக்கமும் படம் எடுங்கள். குறையைக் கிட்டத்தில் எடுங்கள். 'அழுத்தம் நன்று' என்று எழுதுவதற்குப் பதில், நான் மேலே சொன்ன சோதனையைச் செய்து என்ன கண்டீர்களோ அதை எழுதுங்கள். ஓடியதா என்று தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே போடுங்கள். அதற்காக யாரும் ஓடிவிட மாட்டார்கள்.

அனுப்பும் முன் துளி எரிபொருள்கூட இல்லாமல் கழுவி உலர்த்துங்கள். எரிபொருள் மிச்சமுள்ள இன்ஜின் விமானச் சரக்கில் ஆபத்தான பொருள் கணக்கில் வரும், வாசனை வந்தாலே நிறுத்திவிடுவார்கள். இன்ஜினுக்கும் அட்டைப் பெட்டிக்கும் நடுவில் தடுப்பு வையுங்கள். கால் கிலோ இரும்பு உள்ளே உருண்டால், எழுபது வருட அட்டை பயணத்திலேயே கிழிந்துபோகும்.

உடைந்த இன்ஜினைத் தூக்கி எறியலாமா?

கூடாது. உங்களுக்கு உடைசல், இன்னொருவருக்கு நீடில் வால்வு. பிரித்து விற்றால் சில சமயம் முழுசாக விற்பதைவிட அதிகம் கிடைக்கும்.

ஒரு பெரிய சேகரிப்பு முழுவதும் வந்து சேர்ந்தது. ஒன்றாக விற்பதா, பிரித்தா?

பிரித்தால் பணம் கூடும், இரண்டு வருடம் வேலையும் கூடும். ஒருவர் ஒரே நிறுவனத்தின் எல்லா மாடல்களையும் வரிசையாகச் சேர்த்திருந்தால் அதைக் கலைக்க எனக்கு மனசு வராது. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரில் மாடல் விமானங்களுக்கென்றே தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. எதையும் அனுப்பும் முன் அவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கிடங்கில்தான் கிடக்கும்.

என் பிள்ளைகளுக்கு இதில் ஒரு ஆர்வமும் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

அரியவற்றை நீங்களே, நிதானமாக, இப்போதே விற்கத் தொடங்குங்கள். மீதி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பென்சிலால் எழுதிய ஒரு சீட்டுப் போடுங்கள்: பெயர், ஏறக்குறைய எந்த வருடம், ஓடியதா ஓடாததா, எந்தப் பாகம் மாற்றியது, எங்கே என்ன விலைக்கு வாங்கியது, விற்பதானால் யாரிடம் யோசனை கேட்கலாம். என் மில்ஸின் சீட்டில் 'ராட் அசல் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். டின்னின் மூடி மேல் பெரிய எழுத்தில், 'முறுக்காதே'.